காருக்கு முன்னால் போன ஸ்கூட்டர்

காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெளியூரிலிருந்து யாராவது "ஊரைப் பார்க்க வருகிறோம்" என்றால் போதும், "நான் காட்டுகிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவோம். எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலை. எல்லோரும் பார்க்கிற பெரிய கோயில்களைக் காட்டுவது எனக்குக் கௌரவக் குறைச்சல். டூரிஸ்ட் பஸ் நிற்காத இடம், டிக்கெட் கேட்காத இடம், செருப்புக்குக் காவல் தேவைப்படாத இடம், இவைதான் என் சரக்கு. (செலவில்லாமல் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம். அதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை.)

இந்த வியாதி என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

வித்யாவும் நானும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரே கம்பெனியில் எஞ்சினியர்கள். திருச்சிக்காரியான அவள் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவள் அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பையனோட ஊரை ஒரு தடவ பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றாராம். அவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. கொத்தமல்லி வாங்கினால்கூடக் கட்டைப் பிரித்து நடுவில் புல் இருக்கிறதா என்று பார்ப்பவர். "அப்பா எதைச் சொன்னாலும் முதல்ல நம்ப மாட்டாரு. சம்பளமே அதுக்குத்தான் வாங்கினாரு. நீ எதையும் சொதப்பாம இருந்தாப் போதும்" என்று வித்யா எச்சரித்திருந்தாள்.

திட்டம் எளிமையானது. காலையில் வந்து இறங்குவார்கள். நான் மூன்று இடங்களைக் காட்டுவேன். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. பாயசம் குடித்துவிட்டு அவர் முடிவைச் சொல்வார்.

கார் வந்தது. அவள் அப்பா ஓட்ட, பக்கத்தில் அவள் அம்மா, பின்சீட்டில் வித்யா. "ஏறுங்க தம்பி" என்று பின்கதவைக் காட்டினார். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஏறினால் வித்யாவுக்குப் பக்கத்தில் அல்லவா உட்கார வேண்டும்? முதல் நாளே இப்படியா என்று நினைத்துவிட்டால்? "பரவால்ல சார், நான் ஸ்கூட்டர்ல முன்னாடி போறேன். நீங்க பின்னாலயே வாங்க" என்றேன். ஒழுக்கத்துக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்கிவிட்ட திருப்தியோடு கிளம்பினேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன தப்பு என்று புரியாது. எங்கள் ஊரில் வெளியூர் நம்பர் பிளேட் காருக்கு முன்னால் ஒருவன் கையை ஆட்டிக்கொண்டே ஸ்கூட்டரில் போனால் அவன் பட்டுப்புடவைக் கடை புரோக்கர் என்று குழந்தைகூடச் சொல்லும். ஊருக்குள் நுழையும் வண்டிகளை மடக்கி, கோயில் காட்டுகிறேன் என்று பேச்சுக் கொடுத்து, கடைசியில் கமிஷன் தருகிற கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது அவர்கள் தொழில். ஊரே அறிந்த இந்த விஷயம் அன்று எனக்கு மட்டும் மறந்துபோனது.

மூங்கில் மண்டபம் சிக்னலில் ஒரு பைக் என்னை உரசிக்கொண்டு வந்து நின்றது.

"யோவ், யார்யா நீ? அது என் வண்டி. ஐயம்பேட்டையாண்டயிருந்து பின்னாலயே வந்துக்கினு இருக்கேன். நடுவுல பூந்து இட்டுக்கினு போறியே, இது நியாயமா?"

"அண்ணே, அவங்க எனக்கு வேண்டியவங்க."

"எல்லாரும் நமக்கு வேண்டியவங்கதாம்பா! அதுக்குன்னு ஒரு முறை இல்லியா? இந்த ஏழுமலை இந்த ரோட்ல எத்தினி வருசமா நின்னுக்கினு இருக்கான்னு கேட்டுப் பாரு!"

பச்சை விழுந்ததும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று பறந்தேன். பின்னால் காரில் கண்ணாடிகள் எல்லாம் இறங்கியே இருந்தன. ஏசி போட்டால் பெட்ரோல் வீண் என்பது அவள் அப்பாவின் கொள்கை. பேசியது ஒரு வார்த்தை விடாமல் உள்ளே போயிருக்கிறது.

முதல் இடம் சித்திரகுப்தர் கோயில். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டேயே இருந்தும் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள். எமனுக்குக் கணக்கு எழுதுகிறவருக்குத் தனிக்கோயில். தணிக்கை அதிகாரிக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன காட்ட முடியும்? வாசலில் பூ விற்கும் அக்கா என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, திருச்சி வண்டியா? கல்யாணப் பார்ட்டியா?"

எனக்கு வெட்கம் வந்துவிட்டது. "ஆமாக்கா, கல்யாணம்தான்" என்று நெளிந்தேன்.

"அப்ப உன் காட்ல மழைதான். கெட்டியாப் புடிச்சுக்கோ, உட்டுடாத!"

என்ன நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு இரண்டு முழம் கூடுதலாக வாங்கினேன். அவள் அப்பா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். உள்ளே சித்திரகுப்தர் முன்னால் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து, "எல்லார் கணக்கையும் இவரு பாக்குறாரு, சரி. இவரு கணக்கை யாரு பாக்குறது?" என்றார். நான் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து, தெருவோரம் தூங்குகிற ஒரு குட்டி பல்லவர் கோயில். மணற்கல் சிங்கங்கள் மூக்கு தேய்ந்து நிற்கும். எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. "இங்கயும் டிக்கெட் இல்லையா?" என்று கேட்டார். "எங்கயுமே இல்ல சார், எல்லாம் சும்மா!" என்றேன் பெருமையாக. "சும்மா காட்டினா உங்களுக்கு என்ன லாபம் தம்பி?" என்றார். "உங்க சந்தோஷம்தான் சார்" என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது.

காருக்குள் நடந்ததை வித்யா பிறகு சொன்னாள். "பாத்துக்கிட்டே இரு. முதல்ல கடைக்கே போக வேணாம், எல்லாம் ஏமாத்துன்னுவான். அப்புறமா, எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்குன்னுவான். அதுதான் இவங்க முறை" என்றாராம் அப்பா. "அப்பா, அவன் என்கூட வேலை பாக்குறான்" என்று அவள் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். "வார நாள்ல அங்க. ஞாயித்துக்கிழமை இங்கயா இருக்கும்" என்று பதில் வந்திருக்கிறது.

மூன்றாவது, என் துருப்புச்சீட்டு: திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில். மண்டபத்துக் கூரை முழுக்க ஓவியம். சிவப்பும் மஞ்சளுமாய் ஊர்வலம், ஆட்டம், அரண்மனை என்று தலைக்கு மேல் ஓர் ஊரே நடமாடும். அவள் அப்பா அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கழுத்து வலித்திருக்கும், குனியவில்லை. "இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமப் போச்சே" என்று மெல்லச் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வித்யாவின் அம்மா வாயைத் திறந்தார். "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா காஞ்சிபுரம் வந்துட்டு ஒரு பட்டுப்பொடவை எடுக்காமப் போனா எங்க தெருவுல என்னைய சேத்துக்க மாட்டாங்க."

காலையில் ஏழுமலை கத்தியது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் புரோக்கர் இல்லை என்று நிரூபித்தே ஆக வேண்டும்! "வேணாம்மா! கடைப்பக்கமே போக வேணாம், எல்லாம் ஏமாத்து!" என்று அலறினேன். அவள் அப்பாவின் தலை கூரையிலிருந்து கீழே இறங்கியது. வித்யா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "இல்லன்னா... எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்கு" என்றேன்.

வித்யா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் மண்டபத்தில் எதிரொலித்தது.

"தேவையில்ல. கடையை நானே பாத்துக்குறேன்" என்று காரைக் கிளப்பினார் அப்பா. இந்த முறை நான் பின்னால் போனேன். முதலில் கண்ணில் பட்ட பெரிய கடை வாசலில் அவர் நிறுத்தினார். அவர்கள் உள்ளே போனார்கள். நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வாட்ச்மேன் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"பார்ட்டிய உள்ள உட்டாச்சு இல்ல? இங்க நிக்காத, கஸ்டமருங்க பாப்பாங்க. பின்னாடி போ, டீ இருக்குது."

"நான் அந்த ஆள் இல்லீங்க, நான் மாப்பிள்ளை..."

"எல்லாரும் மாப்பிள்ளைதாம்பா. போ, போ."

சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போனார். கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. டிரைவர்களும் புரோக்கர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நட்டநடுவில் ஏழுமலை. என்னைப் பார்த்ததும் கோபம் மறந்து இடம் விட்டார். "வா, வா. கடசில வந்து சேந்துட்ட பாரு" என்று முதுகில் தட்டிக் கையில் டீயையும் மசால்வடையையும் திணித்தார். காலையிலிருந்து வெறும் வயிறு. கடித்துவிட்டேன்.

புடவையின் நிறத்தை லைட் வெளிச்சத்தில் பார்த்து எந்தப் பெண்ணும் நம்ப மாட்டாள், வெயிலில் பார்க்க வேண்டும். அரக்கு நிறப் புடவையை ஏந்திக்கொண்டு அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே வித்யா. அதற்கும் பின்னால் அவள் அப்பா. நான் வாய் நிறைய வடையோடு, தோளில் ஏழுமலையின் கையோடு, எழுந்து நின்றேன்.

"நெனச்சேன்" என்றார் அப்பா. ஒரே வார்த்தை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று. வடையை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஏழுமலைக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், இன்னா நெனச்சீங்க? இவன் புரோக்கருன்னா? நீங்க வேற! காலீலயிருந்து பாக்கறேன், கல்யாணப் பார்ட்டிய வெச்சிக்கினு டிக்கெட்டில்லாத கோயில், ஆளில்லாத கோயில்னு சுத்திக்கினு கீறான். வழில அம்மாம் கடை, ஒண்ணுலயாவது நிறுத்துனானா? இவன் புரோக்கருன்னா எங்க தொழிலுக்கே கேவலம் சார்!"

பெஞ்சு மொத்தமும் தலையாட்டியது.

அவள் அப்பா அதை ஏற்றுக்கொண்டார். போட்டியாளன் தரும் சாட்சியத்தைவிட நம்பகமானது தணிக்கையில் கிடையாதாம், பிறகு சொன்னார். நேராகக் கடைக்குள் கல்லாவுக்குப் போனார். "எங்களை யாரும் கூட்டிட்டு வரல. அதனால புரோக்கருக்குன்னு வச்சிருக்கிறத பில்லுல கழிச்சிடுங்க" என்றார். கடைக்காரர் கழித்தார். "அப்ப ஐயம்பேட்டையிலயிருந்து வந்தவனுக்கு?" என்று ஏழுமலை பின்வாசலில் நின்று கேட்டது யார் காதிலும் விழவில்லை.

அந்த அரக்குப் புடவைதான் எங்கள் முகூர்த்தப் புடவை. கல்யாணத்தில் ஏழுமலை முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே தான்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். இன்றுவரை நான் ஒரு டாக்டரையோ ஓட்டலையோ சிபாரிசு செய்தால் மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மாப்பிள்ளைக்கு இதுல எவ்வளவு?" என்பார். வீடே சிரிக்கும்.

ஆனால் அந்தக் கூரை ஓவியம் மனிதரை விடவில்லை. இப்போதெல்லாம் திருச்சி நண்பர்களை இரண்டு காரில் அள்ளிக்கொண்டு, தானே முன்னால் வழிகாட்டிக்கொண்டு வருகிறார். போன மாதம் வந்தபோது நண்பர்களின் மனைவிகள் புடவைக்கு அடம்பிடிக்க, அதே கடைக்குப் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு போன். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மாப்பிள்ளை, என்னைப் பின்னாடி கொண்டுவந்து உக்கார வச்சிட்டாங்க. ஏழுமலை பக்கத்துலதான் இருக்காரு, உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு."

"ஐயோ மாமா! எழுந்து வெளிய வாங்க, நான் கடைக்காரர்கிட்ட பேசறேன்."

"இருங்க, இருங்க. வடை இப்பதான் சூடா வந்திருக்கு."