குழி வெட்டிய வகையும் உன் நாயின் க்ஷேமமும்

தலத்தெரு, காரைக்கால்
1979, புரட்டாசிக் கடைசி

சிரஞ்சீவி சோமசேகரனுக்கு, அத்தான் உத்திராபதி ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் கமலாம்பாளும் சுகம். நீ பிரான்சுக்குப் போகும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன நாய் எங்களைவிடச் சுகம்.

நிற்க. நாய் என்ன தின்னும் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தாயே, தின்றது மறுநாள் எங்கே போகும் என்று ஒரு வரி எழுதினாயா? நான் விழிதியூரில் பிறந்து வளர்ந்த விவசாயி, எரு என்றால் எல்லாம் எருதானே என்று கீரைப்பாத்தியில் போட்டேன். உன் அக்காள் பார்த்துவிட்டாள். இது கறி தின்கிற பிறவி, இதிலிருக்கிற புழு கீரை வழியாக நம் வயிற்றில் குடியேறும் என்று பாத்தியையே கொத்திப் போட்டுவிட்டாள். இதற்கு ஒரு வழி பண்ணுங்கள், இல்லையென்றால் நாயை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். சரியென்று கிணற்றோரமாக இடுப்பளவுக்கு அருமையாக ஒரு குழி வெட்டினேன், வெட்டி நிமிர்ந்தால் காலடியில் ஊற்று, நம்ம ஊர் மண் உனக்குத் தெரியாதா. பக்கத்து வீட்டு மார்த் அம்மாவும் அதே கிணற்றில்தான் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். உன் அக்காள் எட்டிப் பார்த்தாள். "இது குழி இல்லீங்க, கெணத்துக்குத் தம்பி" என்றாள். எனக்கு மானமே போச்சு.

அப்புறம் அவளே இறங்கினாள் பாரு, அடடா! கொல்லைக் கோடியில், கிணற்றுக்கும் கீரைக்கும் எட்டாத இடத்தில், மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதிலே முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு குழி. ஒவ்வொரு தரமும் மேலே சாம்பல், காய்ந்த மண், பிறகு பழைய கதவுப் பலகை, பாரத்துக்கு ஒரு கருங்கல். அள்ளுவதற்கென்றே மூங்கில் கம்பில் கட்டிய கொட்டாங்கச்சி. அதை நான் அடுப்படி ஆணியில் மாட்டப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. மழை வருவதற்குள் அள்ளியாக வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சொம்பைத் தொடக் கூடாது, குழி நிறைந்தால் மூடிவிட்டுப் பக்கத்தில் வேறு. ஈ இல்லை, நாற்றம் இல்லை. மார்த் அம்மா வந்து பார்த்துவிட்டு, தங்கள் வீட்டு நாய்க்கும் இதேபோல வெட்ட ஆள் தேடுகிறார்கள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி, இவளுக்கு இவ்வளவு மூளை என்று ஒரு நாய் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிஜமாகவே அசந்துபோனேன் மாப்பிள்ளை.

ஆனாலும் எங்களுக்கு வயதாகிறது. பொங்கலுக்கு வரும்போது நாயை அவசியம் அழைத்துப் போய்விடு. உன் அக்காளுக்கு நாய் என்றாலே ஆகாது, அது உனக்கே தெரியும்.

நீயும் சௌந்தரவல்லியும் அந்தக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்மையாரை வேண்டிக்கொள்கிறோம்.

பி.கு.: தபாலில் போடுமுன் உன் அக்காள் வாங்கிப் படித்தாள். நாயை அழைத்துப் போகச் சொன்ன வரியை அடிக்கச் சொல்கிறாள். "இவ்ளோ பாடுபட்டு வெட்டுன குழி சும்மா கெடக்கவா?" என்கிறாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஆகவே, நீ மட்டும் வந்து போ.