இலவசமாகப் படிக்க ஆகும் செலவு

தன் துறை இதற்கெல்லாம் ஒரு காசுகூடச் செலவழித்ததில்லை என்று இயற்பியல் பேராசிரியர் மறுபடியும் சொன்னார். நூலகர் அவரைக் கூப்பிடவே இல்லை. அவராகத்தான் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க கட்டுரைய உலகத்துல யாரு வேணும்னாலும் சும்மா படிக்கலாம் சார். அதுக்குப் பத்திரிகைக்காரங்களுக்கு யாராவது கட்டியிருக்கணுமே?"

"கட்டியிருப்பாங்க" என்றார் அவர், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

இத்தனைக்கும் நூலகர் கேட்டது சாதாரணக் கேள்வி. புதிதாக வந்த துணைவேந்தர் போன வாரம் மாடிப்படியில் எதிரே வந்தவர், காதில் இருந்த போனைச் சற்றே விலக்கிக்கொண்டு அவளிடம் நின்றார். "மேடம், நாம எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டிருக்கோமே, அதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது, எத்தன பேருக்குப் பயன்படுதுன்னு எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும். அதுக்கு மேல போனா நான் படிக்க மாட்டேன்."

நூலகருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆராய்ச்சிப் பத்திரிகைகளைப் படிக்க வேண்டுமென்றால் படிப்பவர்தான் பணம் கட்ட வேண்டும் என்பது பழைய வழக்கம். இப்போது எழுதியவரே முன்கூட்டிக் கட்டிவிட்டால் எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் யார், எவ்வளவு, எந்தப் பையிலிருந்து கட்டுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதைக் கணக்கெடுக்க வேண்டுமென்று வருஷக்கணக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி, கொட்டாவிகளை மட்டுமே பதிலாகப் பெற்றவள் அவள். கடைசியில் ஒரு மனிதர் தானாகவே கேட்டுவிட்டார்.

அன்றைக்கே எல்லாத் துறைகளுக்கும் எழுதினாள். கணக்குக் கேட்டால் அடுத்து கை வைப்பார்கள் என்பது பேராசிரியர்களின் அனுபவம். ஆகவே எல்லாத் துறைகளும் ஒரே குரலில் "இல்லை" என்றன. தமிழ்த் துறை மட்டும் "இல்லவே இல்லை" என்று அழுத்திச் சொன்னது.

பயத்தைப் போக்க வேண்டும் என்று நினைத்தாள். செலவு செய்தவர்களுக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு என்று இன்னொரு கடிதம் போட்டாள்.

அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. மதியத்துக்குள் பணம் கட்டாத ஆளே பல்கலைக்கழகத்தில் இல்லை என்றாகிவிட்டது. ஒருவர் கட்டுரை எழுதுவதற்காக மாற்றிய மூக்குக்கண்ணாடியைச் சேர்த்திருந்தார். ஏழு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு ஏழு பேரும் முழுத்தொகை கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தார், அங்கிருந்தும் கேட்டார்.

அதைச் சரிசெய்ய, கட்டுரையின் முதன்மை ஆசிரியர் மட்டும் கேட்டால் போதும் என்று அறிவித்தாள். அதுவரை எந்தக் கட்டுரைக்கு யார் முதன்மை என்று யாரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. இப்போது பேசினார்கள். தாவரவியலில் இரண்டு பேர் ஒரே அறைக்கு நடுவில் அலமாரியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

வினை அவள் வீட்டுக்குள்ளேயும் வந்தது. கணவர் வேதியியல் பேராசிரியர். மேல்மாடியில் குடியிருந்த புவியியல் பேராசிரியரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இரண்டு பேரும் தினமும் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள். இப்போது மேலே இருப்பவர் இறங்கும் சத்தம் கேட்டால், இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்.

"நீ பேசாம புத்தகத்த மட்டும் அடுக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றார் சாப்பிடும்போது.

"அந்தக் கட்டுரைக்கு யாருங்க கட்டினது? நீங்களா, அவரா?"

அவர் தண்ணீர் எடுக்க எழுந்து போனார். செம்பு மேசையிலேயே இருந்தது.

நல்லது செய்யப் போய் ஊரையே பிரித்துவிட்டோமே என்று அவளுக்கு இருந்தது. மறுநாள் எல்லோரையும் வாசிப்புக் கூடத்துக்கு வரவழைத்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.

பணம் திரும்ப வருமா என்பது தனக்கே தெரியாது என்று உடைத்துச் சொன்னாள். அப்படி எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "யாரு பெரியவங்கன்னு நான் கேக்கல. அந்தப் பணத்தக் கணக்குல என்ன செலவுன்னு எழுதினீங்கன்னு மட்டும் சொல்லுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

இயற்பியல் பேராசிரியர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "மின்விசிறி ரிப்பேர்."

"உங்க துறையில ஏசியாச்சே சார்?"

"அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கல."

யாரோ சிரித்தார்கள். அதோடு கட்டு உடைந்தது. வரலாறு, திரைச்சீலை என்றது. கணிதம், சாக்பீஸ் என்றது; அந்தச் சாக்பீஸில் இன்னும் நூறு வருஷம் பாடம் நடத்தலாம். தமிழ்த் துறைத் தலைவர், கரையான் மருந்து என்று மெல்லச் சொன்னார்.

கடைசியாக அவள் கணவர் எழுந்தார். அவளைப் பார்க்காமல் புவியியல் பேராசிரியரைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் கட்டினேன். வீட்டுல வாஷிங் மெஷினுக்கு எடுத்து வெச்சிருந்தது. இவகிட்ட கடையில ஸ்டாக் இல்லன்னு சொல்லியிருந்தேன்."

"அட, என்கிட்ட பாதி கேட்டிருக்கலாமே" என்றார் புவியியல்.

நூலகர் போன வருஷம் முழுக்கக் கையால் துவைத்த போர்வைகளை நினைத்தாள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று குறித்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் உண்மையான கணக்கு கையில் இருந்தது. துணைவேந்தர் கேட்டபடி ஒரே பக்கம். 'எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட ஆகும் செலவு' என்று அவர் சொன்னதையே தலைப்பாக வைத்தாள். கீழே மொத்தத் தொகை. அதற்குக் கீழே, ஒரு வருஷத்தில் பயன்பெற்றவர்கள் பல நாடுகளிலிருந்து பன்னிரண்டு லட்சம் பேர். இனி இதற்கென்று தனி நிதி ஒதுக்க வேண்டும் என்று முடித்திருந்தாள்.

மறுநாள் துணைவேந்தரின் உதவியாளர் அந்தத் தாளோடு வந்தார். அடியில் பச்சை மையில் கையெழுத்து இருந்தது. கேட்ட தொகை முழுவதும் ஒதுக்கப்பட்டிருந்தது. நூலகர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கண் கலங்கியது.

"படிச்சிட்டு ஐயா ஏதாவது சொன்னாரா?"

"அசந்து போயிட்டாரு மேடம்" என்றார் உதவியாளர். "ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டுட்டு வரச் சொன்னாரு. இந்தப் பன்னிரண்டு லட்சம் பேரும் நம்ம நீச்சல் குளத்துல எப்ப வந்து குளிச்சிட்டுப் போறாங்க?"