சொற்சிகரத்தின் நாற்காலி

"அவர் வாசிச்சா மட்டும் ஏன் அழறீங்க?" என்று கேட்டேவிட்டார் சொற்சிகரம். ஒரு வாசிப்புக் கூட்டத் தலைவர் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

நூலகப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே, "தெரியல சார், தானா வருது" என்றாள்.

சொற்சிகரம் என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். பிழைப்புக்கு ஹெட் கிளார்க். அலுவலகத்தில் எவன் கடிதம் எழுதினாலும் பாதியைச் சிவப்பு மையால் அடிப்பார். வீட்டில் தன் கவிதைக்கும் அதே வைத்தியம்தான். எளிமையாக ஒரு வரி எட்டிப் பார்த்தால் உடனே அடி விழும்; ‘அண்டப் பெருவெளியே! அக்கினிச் சிறகே!’ என்று வந்தால்தான் பேனா ஆறும். ஒரு கவிதைக்கு இருபது தாள் பாழாகும். மனைவி அள்ளிக்கொண்டு போவாள். எங்கே என்று அவர் கேட்டதில்லை. சிகரங்கள் குனிந்து பார்ப்பதில்லை.

ஆறு வருடமாக நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் வாசிப்புக் கூட்டம். எட்டுப் பேர் வருவார்கள். அவர் வாசிக்க, அவர்கள் கொட்டாவியை விழுங்க, ஒரு குடும்பம் போலத்தான் நடந்துகொண்டிருந்தது. அதில் வந்து சேர்ந்தார் ஒரு தையல்காரர். மூன்று மாதம் முன்பு மனைவியைப் பறிகொடுத்தவர். காதில் செருகிய சாக்பீஸோடு எழுந்து, தாளைப் பார்த்து மெல்ல வாசித்தார்:

‘பக்கத்து இருக்கை காலிதான்.
இன்னும் ஒதுங்கியே உட்காருகிறேன்.’

அவ்வளவுதான். ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். பஸ் டிரைவர் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்தடுத்த வாரங்களில் எட்டுப் பேர் பதினெட்டானார்கள்.

"ஆளுக்கு மூணு நிமிஷம்தான்!" என்று சட்டம் போட்டார் சொற்சிகரம். தையல்காரர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். சொற்சிகரம் அக்கினிச் சிறகை விரிப்பதற்குள் நர்ஸம்மா மணியடித்தார்.

அடுத்த வாரம், சரியாகத் தையல்காரர் முறை வந்தபோது மைக் கெட்டுப்போனது. ஒயர் சொற்சிகரத்தின் செருப்புக்கடியில் இருந்தது. கூட்டமோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுத் தையல்காரரைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தது. செத்த மைக்குக்குப் பக்கத்தில் சொற்சிகரம் மட்டும் தனியே நின்றார்.

"இதான் நல்லாருக்கு சார், இனிமே மைக்கே வேணாம்" என்றார் டிரைவர்.

அதற்கும் அடுத்த வாரம், ஆண்டு விழாத் தலைமைக்குத் தையல்காரர் பெயர் அடிபட்டது. ஆறு வருட நாற்காலி! சொற்சிகரம் துள்ளி எழுந்தார். அந்த வரிகளை எங்கோ பார்த்த ஞாபகம் வேறு அரித்துக்கொண்டிருந்தது.

"திருட்டு! இதெல்லாம் நான் எங்கேயோ படிச்சிருக்கேன். சொல்லுய்யா, இது உன் சொந்தமா?"

"இல்லீங்க" என்றார் தையல்காரர் நிதானமாக. "சொந்தம்னு நான் எப்ப சொன்னேன்? வாசிப்புக் கூட்டம்னு போர்டு போட்டிருந்துச்சு. வாசிச்சேன்."

எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவரே தொடர்ந்தார்:

"அளவு வெட்டுறதுக்கு வாடிக்கைக்காரங்க வீட்டுல பழைய பேப்பர் வாங்குவேங்க. அவ போன மறு வாரம், சட்டைக் கை வெட்டிட்டு இருந்தப்போ இந்த வரி கண்ணுல பட்டுச்சு. கத்தரிய வச்சிட்டு அழுதேன். அதுக்கப்புறந்தான் சாப்பாடே எறங்குச்சு. எழுதினவரு யாரோ, கெடைச்சா கையப் பிடிச்சுக்கணும்."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டான்!" சொற்சிகரத்தின் குரல் வெற்றியில் கீச்சிட்டது. "எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த நிஜக் கவிஞன் மட்டும் வரட்டும், இந்த நாற்காலி ஆயுசுக்கும் அவனுக்குத்தான்! அவனைத் தூக்கி வச்சுக் கொண்டாடுவேன். ஆனா இவன் இங்க இருக்கக் கூடாது."

தையல்காரர் தாள்களை மேஜையில் வைத்தார். ஒன்று கழுத்துப்பட்டி வடிவில் இருந்தது, இன்னொன்று சட்டைக் கை. "வரிக்கு மேல யாரோ கோடு இழுத்திருந்தாங்க. எங்க தொழில்ல கோடு போட்ட இடந்தாங்க முக்கியம். அதை மட்டுந்தான் படிச்சேன்."

நூலகப் பெண் தாளை எடுத்துப் பார்த்தாள். வருகைப் பதிவேட்டைத் திறந்து, அதில் கொட்டை எழுத்தில் இருந்த முதல் பெயரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"சார், நாற்காலி உங்களுக்கேதான்... ஆனா, நீங்க சிவப்பு மையில அடிச்சதை அவர் வாசிச்சிருக்காரு, அடிக்காம விட்டதைத்தான் ஆறு வருஷமா நீங்க எங்களுக்கு வாசிச்சிருக்கீங்க."