சும்மா இருந்த பச்சை ஒயர்

எங்கள் மின்வழங்கல் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த இயக்குநர் நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வாய்ப்புக் கிடைக்காது. லஞ்சத்துக்குக் கை நீட்ட மாட்டார், நேரத்துக்கு வருவார், தேவையில்லாமல் மின்விசிறி போட மாட்டார். தேவைப்பட்டாலும் போட மாட்டார். அதனால் நாங்கள் அவருக்குச் 'சிக்கனம்' என்று பெயர் வைத்தோம். அது அவர் காதுக்கு எட்டியபோது, "என் சொந்தப் பேரைவிடச் சின்னதா இருக்கு, நல்லதுதான்" என்றாராம்.

வந்த முதல் நாளே கூட்டம் போட்டார். இந்த அலுவலகத்தில் வேலை செய்யாமல் இருக்கும் எதுவும் இனி இருக்காது என்று அறிவித்தார். அந்த வாரம் முழுக்க எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கையில் ஏதாவது ஒரு கோப்பை வைத்துக்கொண்டு வராந்தாவில் வேகமாக நடந்தபடியே இருந்தோம். நல்லவேளை, அவர் எங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். சுவரில் ஸ்விட்ச் போர்டு ஒன்று திறந்து கிடந்தது.

பக்கத்தில் நின்ற உதவிப் பொறியாளரைக் கேட்டார்.

"இந்தச் சிவப்பு ஒயர் என்ன பண்ணுது?"

"கரண்டைக் கொண்டு வருது சார்."

"கறுப்பு?"

"திருப்பிக் கொண்டு போகுது சார்."

"பச்சை?"

"அது எர்த் சார்."

"நான் பேரைக் கேக்கலை. என்ன வேலை பார்க்குதுன்னு கேட்டேன்."

பொறியாளர் படித்தவர், விஷயம் தெரிந்தவர், பயந்தவர். "இப்போதைக்கு ஒண்ணும் பார்க்கலை சார்" என்றார்.

"எப்போதைக்குப் பார்க்கும்?"

"மெஷினுக்குள்ள ஏதாவது ஒயர் தேய்ஞ்சு, இரும்பு உடம்புல பட்டுச்சுன்னா, அந்த உடம்பு பூரா கரண்ட் ஏறிடும் சார். எர்த் இருந்தா மொத்தமும் அது வழியா மண்ணுக்குள்ள பாய்ஞ்சு, ஃபியூஸ் போய், மெஷின் நின்னுடும். எர்த் இல்லன்னா கரண்ட் அங்கேயே காத்துக்கிட்டு இருக்கும். யாராவது வந்து தொட்டா அவங்க வழியா மண்ணுக்குப் போகும்."

"ஆக, யாராவது தொட்டாலே அந்த வேலை நடந்துடும்."

"நடக்கும் சார். ஆனா தொட்டவங்க..."

"நடக்குமா, நடக்காதா?"

"நடக்கும் சார்."

அலுவலகம் எந்தக் கிறுக்குத்தனம் செய்தாலும் அதை நல்ல தமிழில் எழுதிக் கொடுப்பது கடிதப் பிரிவில் இருக்கும் என்னுடைய வேலை. அன்று மாலையே எழுதினேன். 'நெடுங்காலம் பணியில் இருந்தும், ஒருமுறையேனும் மின்சாரத்தைச் சுமந்ததற்குச் சான்று ஏதும் இல்லாத பச்சை ஒயர், பொதுநலன் கருதி, உடனடியாகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறது.' இயக்குநர் இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வேலை செய்யவில்லை என்று யாரையாவது அனுப்பத்தான் வேண்டும் என்றால், அந்த ஒயர் போகட்டுமே என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அலுவலகத்தில் வெட்டினார்கள். அடுத்து, அலுவலகத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக வந்து வெட்டினார்கள்.

சில நாள் கழித்து என் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி குளியலறையிலிருந்து வந்தாள். "வாஷிங் மெஷின் கடிக்குது" என்றாள்.

"மெஷின் எப்படிக் கடிக்கும்?"

"நீங்க போய்த் தொடுங்க. கடிச்சா கடிக்குதுன்னு சொல்லுங்க, முத்தம் குடுத்தா அதையும் சொல்லுங்க."

நான் போய்த் தொடவில்லை. புகார் எழுதினேன். ஆய்வுக்குழு வந்தது. எல்லோரும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக மெஷினைத் தொட்டுப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்கள். குழுத் தலைவர் என் மனைவியின் வெறுங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மெஷின்ல கோளாறு இல்லம்மா. உங்க கால்லதான் இருக்கு."

"அந்த பூட்ஸைக் கழட்டிட்டுத் தொடுங்க பார்க்கலாம்."

"அது விதியில இல்லம்மா."

அவள் அத்தோடு விடவில்லை. நேராக இயக்குநரின் அறைக்கே போனாள். இன்று கடிக்கிறது, நாளைக்கு விழுங்கிவிடும், ஒயரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர் என்றுதான் சொன்னேனே.

"நீங்க சொல்றது நியாயம்மா" என்றார். "துணியும் துவைச்சுக்கிட்டு, கரண்டையும் மண்ணுக்கு அனுப்பிக்கிட்டு, ஒரே ஆள் ரெண்டு வேலை பார்க்க முடியாது. அதுக்குத் தனியா ஆள் போடறேன்."

ஒயரை வெட்டியதில் அதன் பராமரிப்புப் பணம் மிச்சமாகி இருந்தது. மிச்சமான பணத்தை ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறைந்துவிடும் என்பது சிக்கனமாக இருக்கும் எல்லா அலுவலகங்களுக்கும் தெரியும். ஆகவே வீட்டுக்கு ஒருவர் வீதம் 'நிலத்தொடர்பு உதவியாளர்' என்ற புதிய பதவி உண்டானது. பணி விதிகளை நான்தான் எழுதினேன். காலில் செருப்பு கூடாது. ஒரு கை எப்போதும் சாதனத்தின் மேல் இருக்க வேண்டும். மற்றொரு கையைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் மனைவிக்கு ஒரு தம்பி. படிப்பு முடிந்த நாள் முதல் எங்கள் வீட்டு சோபாவில்தான் வாசம். உத்தரவு வந்த அன்று, அவன் தானாகவே எழுந்து உட்கார்ந்ததை நாங்கள் முதல் முறையாகப் பார்த்தோம்.

"அத்தான், நிக்கணும், தொடணும், அவ்வளவுதானே? எனக்குன்னே செஞ்ச வேலை மாதிரி இருக்கு."

சிபாரிசு செய்தேன். கிடைத்தது. வேலை கிடைத்ததும் பெண்ணும் கிடைத்தது. மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே சம்பாதிக்கிறார் என்று பெண் வீட்டாருக்கு ஏகப்பட்ட திருப்தி.

ஊரிலும் இது மோஸ்தர் ஆகிவிட்டது. வசதியான வீட்டுக்காரர்கள் சுவரில் இருந்த எர்த் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓர் ஆளை நிறுத்தினார்கள். விருந்தாளிகளிடம், "நாங்க இயற்கை முறைக்கு மாறிட்டோம்" என்றார்கள். அப்படி ஓர் ஆளில்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

என் மனைவிக்கு மட்டும் தூக்கம் போயிற்று. தம்பிக்கு வேலை கிடைத்ததில் அவளுக்கு மகிழ்ச்சிதான், அந்த வேலையில் அவன் உயிரோடு இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை. பொறியாளரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு, மெஷினுக்குள் தேய்ந்துபோயிருந்த ஒயரை மாற்றினார். வெட்டிப் போட்ட பச்சை ஒயரின் இரண்டு முனைகளையும் முறுக்கி இணைத்து, டேப் சுற்றி, சுவர்ப் பக்கமாக மறைத்தார். அவர் செய்வதையெல்லாம் அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள்.

"சார், வெளியில சொல்லிடாதீங்க" என்றேன்.

"யார்கிட்ட சொல்றது? உங்களுதுதான் கடைசி வீடு. மத்த எல்லா வீட்டுலயும் போன வாரமே முடிச்சிட்டேன்."

அப்புறம் எங்கள் குடியிருப்பில் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. ஒயர் சும்மா இருந்தது, உதவியாளரும் சும்மா இருந்தார், இருவரும் பணியில் இருந்தார்கள்.

இயக்குநர் நேரில் பார்வையிட வருகிறார் என்ற செய்தி வந்ததும்தான் கலக்கம் உண்டானது. மின்சாரம் தாங்குகிற ஆளைப் பார்த்தால் தாங்குகிற மாதிரி தெரிய வேண்டாமா? மைத்துனன் கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்தான். இயக்குநர் எங்கள் குளியலறை வாசலில் வந்து நின்றதும் தோளைக் குலுக்கி, கண்ணைச் செருகி, பல்லை நறநறவென்று கடித்து ஓர் ஆட்டம் ஆடினான் பாருங்கள், எனக்கே மயிர் கூச்செறிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மகன் இன்னும் ஒருபடி மேலே போய் நாக்கை வெளியே தள்ளினான். குடியிருப்பு முழுக்க அன்று அப்படியொரு குலுக்கல். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு உழைக்கிறாங்களா" என்றார். உடனே பாராட்டு விழாவுக்கு உத்தரவிட்டார்.

விழா அலுவலகக் கூடத்தில் நடந்தது. குடும்பத்தோடு போனோம். இயக்குநர் உருக்கமாகப் பேசினார். "நீங்கள் தாங்குவதை ஒருநாளாவது நானும் தாங்க வேண்டும்" என்று சொல்லிக் காலணியைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், மூலையில் கொதித்துக்கொண்டிருந்த டீ பாய்லரை நோக்கி வெறுங்காலோடு நடந்தார். டீ ஊற்றுகிற இடம், தரையெல்லாம் ஈரம்.

இங்கே ஒரு விஷயம். எங்கள் வீட்டு ஒயர்களை எல்லாம் நாங்கள் இணைத்துக்கொண்டுவிட்டோம். ஆனால் அலுவலகம் யாருடைய வீடும் அல்ல. டீயை நாங்கள் ரப்பர் செருப்போடுதான் போய்ப் பிடிப்போம்.

இயக்குநர் பாய்லர் மேல் கை வைத்தார். ஒட்டிக்கொண்டது. தோள் குலுங்கவில்லை, நாக்கு வெளியே வரவில்லை. கட்டைபோல விறைத்து நின்று, அடித்தொண்டையில் ஏதோ முனகினார்.

"சுமார்தான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், என் காதில். "என் பையன் எவ்வளவோ தேவலை." இருந்தாலும் மேலதிகாரி ஆயிற்றே என்று கைதட்டினோம்.

என் மனைவி மட்டும் கைதட்டவில்லை. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். இயக்குநர் சாக்கு மூட்டை மாதிரிக் கீழே விழுந்தார்.

பிழைத்துக்கொண்டார். படுக்கையிலிருந்தே, "அந்தப் பச்சை ஒயரை எல்லா இடத்துலயும் திரும்பப் போடுங்க" என்றார். இதைக் கேட்டு உதவியாளர்கள் சங்கம் கொதித்து எழுந்தது. தகுதியும் பயிற்சியும் இல்லாத ஒருவர், உதவியாளர்களுக்கு உரிய மின்சாரத்தை அனுமதியின்றித் தாங்கியது எப்படி என்று விளக்கம் கேட்டது. அந்தக் கேள்வியையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுத்து என்று வந்துவிட்டால் நான் கட்சி பார்ப்பதில்லை.

பேச்சுவார்த்தை நடந்து சமரசம் ஆனது. ஒயர் திரும்பி வராது. விபத்து மறுபடி நேராமல் இருக்க டீ பாய்லருக்கும் ஓர் உதவியாளர், அதுவும் நிரந்தரப் பதவி. இயக்குநர் பார்வையிட்டபோது எல்லோரையும்விட நன்றாகத் தாங்கியவர் என்ற முறையில் அந்த இடம் என் மைத்துனனுக்கு ஒதுக்கப்பட்டது.

"அக்கா, பர்மனென்ட்" என்று உத்தரவைத் தூக்கிக் காட்டினான்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பாய்லருக்கும் ஒயரை இணைச்சிடுங்க."

"அது ஆபீஸ் சொத்துடி. அதைத் தொட எனக்கு அதிகாரம் கிடையாது."

"இவனுக்கு இருக்கா?"

"இவனுக்குத்தான் உத்தரவே வந்திருக்கே."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கட்டின நாள் முதல் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. அலமாரியிலிருந்து கட்டிங் பிளேயரையும் டேப்பையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னால் போனேன், வேறென்ன செய்ய.

அலுவலக வராந்தாவில் பெரிய வரிசை நின்றது. எல்லோரும் குளித்து, தலைசீவி, நல்ல சட்டை போட்டு, கையில் ஆளுக்கொரு வேலை விண்ணப்பம் வைத்திருந்தார்கள். வரிசையின் தலையில், கூடத்துக்குள், என் மைத்துனன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்லர் மேல் ஒரு கையை வைத்தபடி பெருமையாக நின்றான். ஸ்விட்சை இன்னும் போடவில்லை. டீ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரும் தன் மகனோடு வரிசையில் இருந்தார். என் தோளில் கை போட்டு, "மச்சினன் உடம்பு எப்படி இருக்கு?" என்று வாஞ்சையாக விசாரித்தார்.

"நல்லாத்தான் இருக்கான்."

"அப்படியா" என்றார். முகம் வாடிப்போயிற்று.

"நகருங்க, பாய்லர்கிட்ட போகணும்" என்றாள் என் மனைவி.

"நாங்க எல்லாரும் அதுக்குத்தாம்மா நிக்கிறோம். கடைசியில போய் நில்லுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் போய்க் கடைசியில் நின்றேன். அவள் நிற்கவில்லை. முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு உள்ளே போனாள், தம்பியின் கையைத் தட்டிவிட்டாள், பிளக்கைப் பிடுங்கினாள், சுவரோரம் தொங்கிய பச்சை ஒயரின் இரண்டு முனைகளையும் முறுக்கி இணைத்து டேப் சுற்றினாள். அப்புறம் பிளக்கைச் செருகித் தானே ஸ்விட்சைப் போட்டாள். டப் என்று ஃபியூஸ் போனது. பாய்லர் சூடாகவே இல்லை. பழுது இருக்கிறது என்று அந்த ஒயர் முதல் முறையாக வாய் திறந்து சொல்லிவிட்டது.

டீயும் போச்சு, வேலையும் போச்சு என்று வரிசை முழுக்க இரைச்சல். மைத்துனன் பாய்லர் பக்கத்திலேயே குந்தி அழுதான். அவள் அவனை எழுப்பி, மூக்கைத் துடைத்துவிட்டு, "வீட்டுக்கு வாடா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

வரிசையை மீறி உள்ளே நுழைந்த பெண்மீது நடவடிக்கை வேண்டும் என்று அங்கேயே ஒரு புகார் தயாரானது. நல்ல தமிழில் இருக்கட்டும் என்று பேனாவை என்னிடம் நீட்டினார்கள். எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒழுங்காக வரிசையில் நின்றவன் என்ற முறையில் நானும் போட்டேன்.