பிஸ்கட்டுக்கு மொட்டை

கவுனின் இடுப்புக்குக் கீழே, வலைத்துணிக்கும் சாட்டினுக்கும் நடுவில், தங்க நிறத்தில் ஒரு முடி படுத்துக் கிடந்தது. வெனிலா ஊசியால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. நகத்தால் தட்டினாள். அது இன்னும் உள்ளே போய்ச் சௌகரியமாகச் சுருண்டுகொண்டது.

"ஏங்க, இங்க வாங்க."

அந்தக் குரலுக்குக் கணவன் இருதய அருண் வருவதற்குள் நாய் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

"இன்னா வெனிலா?"

"உங்க செல்லப்புள்ள பண்ண வேலையப் பாருங்க."

"ஒரு முடிதான."

"ஒன்னா? காலையில இட்லியில ஒன்னு. தலகாணியில ஒரு கத்தை. போன வாரம் பூசையில எனக்குப் பின்னாடி நின்ன பொம்பள, ஜெபம் சொல்லிக்கினே என் முதுகுலேர்ந்து முடியா பொறுக்கிப் போடறா. எது நாய் முடி, எது என் முடின்னு எனக்கே தெரியல."

நாயின் பெயர் பிஸ்கட். லேப்ரடார். அருணின் விழுப்புரம் ஆபீஸ் மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன தின்னும், எப்போது தூங்கும் என்றெல்லாம் சொன்னவர், முடியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

வெனிலா திண்டிவனத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவள். கல்யாணமான நாளிலிருந்து ப்ளவுஸ், ப்ளவுஸ், மறுபடியும் ப்ளவுஸ். முதன்முதலாக இப்போதுதான் ஒரு கல்யாணக் கவுன். சூசை மேரி என்ற விழுப்புரத்து அம்மாள், அந்த ஊர் டெய்லர்களை எல்லாம் விட்டுவிட்டு, மாதா கோயில் வாசலில் இவளைத் தேடிப்பிடித்து மகளுக்குத் தைக்கச் சொல்லியிருந்தார். இன்று மாலை போட்டுப் பார்க்க வருகிறார்கள். பிடித்துவிட்டால் தோழிப்பெண்கள் ஆறு பேருக்கும் கவுன் இவளிடம்தான். பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு கிடக்கலாம்.

"இரு, டேப் ஒட்டி எடுத்துடலாம்" என்று அருண் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பைக் கொண்டுவந்தான். கவுனில் ஒட்டி, 'சர்'ரென்று இழுத்தான். முடி அப்படியே இருந்தது. மூன்று முத்துக்கள் டேப்போடு வந்தன.

வெனிலா டேப்பைப் பார்த்தாள். அருணைப் பார்த்தாள்.

"நீங்க எதையும் தொடாதீங்க. ஒங்க கைய ஒங்க பாக்கெட்லயே வெச்சிக்குங்க."

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம் வேக்குவம் கிளீனர் இருந்தது. வாங்கியதிலிருந்து இரண்டு முறை பயன்படுத்திய புதுசு. பாஞ்சாலியே அதைத் தூக்கிக்கொண்டு வந்து, குழாயை மாட்டி, "ஜல்தியா முடிஞ்சுரும் பாரு" என்று சுவிட்சைத் தட்டினாள்.

குழாயை மாட்டியது காற்று உள்ளே போகும் பக்கம் அல்ல, வெளியே வரும் பக்கம்.

சோபாவுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மிஷின் மிதியின் இடுக்கில் மாதக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த முடி மொத்தமும் எழுந்து, கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் ஸ்டாண்டில் மாட்டி வெள்ளையாக நின்ற கவுன் மேல் பொறுமையாக இறங்கியது.

"மிஷின் நல்ல மிஷின்தான்" என்றாள் பாஞ்சாலி.

"அக்கா, நீங்க வூட்டுக்குப் போங்க. நான் எதனா சொல்லிடப் போறேன்."

வெனிலா புடவையை இழுத்துச் செருகினாள். "இந்த நாய் மேல முடி இருந்தாத்தான கொட்டும்? மொட்டை அடிச்சிக்கினு வாங்க."

அருண் நண்பனின் ஆம்னி வேனில் பிஸ்கட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனான். நாய்களுக்கு முடிவெட்டுகிற ஒருவர் அங்கே இருந்தார். அங்கிருந்து போன் வந்தது.

"இந்த ஜாதிக்கு மொட்டை அடிக்கக் கூடாதுன்னு சொல்றாரு வெனிலா."

"கவுன் அவரா தைக்கறாரு? அடிக்கச் சொல்லுங்க."

மதியம் வேன் கதவைத் திறந்ததும், தோல் உரித்த மல்லாட்டைப் பருப்பு போல ஒன்று இறங்கியது. அதுவே தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாஞ்சாலி எட்டிப் பார்த்து, "வேளாங்கண்ணிக்கு வேண்டுதலா?" என்றாள்.

வெனிலா பல்லைக் கடித்தாள்.

வெட்டிய இடமெல்லாம் பிஸ்கட்டுக்கு அரித்தது. சுவரில் தேய்த்தது, கதவில் தேய்த்தது, திருப்தியில்லை. வீட்டிலேயே மெத்தென்று இருக்கும் பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, கவுனின் கீழ்ச்சுற்றில் முதுகைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தது. நீள முடியையாவது பிடித்து இழுக்கலாம். இப்போது ஊசி ஊசியாகக் குட்டி முடிகள், வலைத்துணியின் ஒவ்வொரு கண்ணிலும் ஒன்றாகக் குத்தி நின்றன.

வெனிலா கத்தவில்லை. அதுதான் அருணுக்குப் பயமாக இருந்தது.

"பிரம்மதேசத்துல உங்க அண்ணன் நெலத்துல கொண்டுபோய் இத வுட்டுட்டு வாங்க."

"கல்யாணம் முடியற வரைக்கும்தான?"

"நான் கண்ண மூடற வரைக்கும்."

அருண் நாய்ச் சங்கிலி, தட்டு, படுக்கிற சாக்கு எல்லாவற்றையும் அள்ளி வேனில் போட்டான். பிஸ்கட் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனது. வெனிலா பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழ்ச்சுற்று வலைத்துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு, மிச்சத் துணியில் புதிதாக வெட்டி வைத்துத் தைத்தாள். முத்துக்களைக் கோத்தாள். தரையை மூன்று தடவை துடைத்தாள். நாய் இருந்த வீடு என்று ஆண்டவரே வந்து சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

மாலையில் கார் வந்து நின்றது. சூசை மேரியும் மணப்பெண்ணும் உள்ளே வந்தார்கள். டிரைவர் வெங்கடாசலம் வாசலிலேயே நின்றுகொண்டார்.

கவுன், உடம்போடு பிறந்ததுபோல் மணப்பெண்ணுக்குப் பொருந்தியது. அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு முடிகூடப் பறக்கவில்லை.

"கை சுத்தம்மா உனக்கு" என்ற சூசை மேரி, கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஆமா, நாய் எங்க, காணோம்?"

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"நாயா? எங்க வூட்ல ஏதுங்க நாயி? பக்கத்து வூட்டு நாயப் பாத்துட்டு யாரோ சொல்லியிருப்பாங்க. எனக்கு நாய்னாலே ஆவாதுங்க. கிட்ட வந்தா வெளக்கமாத்த எடுத்துருவேன். முடிய கொட்டிக்கினு, பேஜாரு."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணப்பெண்ணின் முகம் வாடிப்போனது.

"அப்படியா" என்றார் சூசை மேரி. "அப்ப அந்த ஆறு கவுனப் பத்தி அப்புறமா சொல்லி அனுப்பறம்மா."

"ஏங்க, தையல்ல எதனா கொறையா?"

"தையல்ல ஒரு கொறையும் இல்ல."

வாசலில் நின்ற வெங்கடாசலம் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அப்ப வண்டியில இருக்கற நம்ம ரோசிக்கு யாரும்மா அளவெடுப்பாங்க? நாய்க்கும் அதே மாதிரி கவுன் தைக்கணும், பயப்படாம தொட்டு அளவெடுக்க நாய் வளக்கற டெய்லரம்மாதான் வேணும்னுதான, விழுப்புரத்துல அத்தன டெய்லர வுட்டுட்டு, கோயில்ல முதுகு நெறய நாய் முடியோட நின்ன இவங்கள புடிச்சோம்?"