கல்யாணப் படத்தின் கண்ணாடியைத் துடைக்க வேண்டாம்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொண்டது. இங்கு உங்கள் அக்கா சுகம். நானும் சுகம், இடுப்பு நீங்கலாக. இடுப்பின் காரணம் கீழே வரும். உங்கள் சுகத்தைப் பதினொரு வருடமாக நான் விசாரிக்கவில்லை. விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து இப்போது ஒரே மூச்சில் விசாரித்துவிடுகிறேன்: நீங்கள், உங்கள் மனைவி, மகன், மருமகள், உங்கள் முழங்கால் எல்லாம் நலந்தானே?

முதலில் ஓர் அவசர வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தை யாரும் துடைக்கக் கூடாது. ஈரத் துணி கூடவே கூடாது. உங்கள் மனைவி கையில் துணியோடு நின்றால் வேறு எதையாவது துடைக்கச் சொல்லவும். உங்கள் வீட்டில் துடைப்பதற்கா பஞ்சம் என்று நான் எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், ஆகவே எழுதவில்லை.

செய்தித்தாளில் நீங்களும் படித்திருப்பீர்கள். வானத்திலிருந்து ஒரு கல் வருகிறது. நாளைக்கே அல்ல, ஏழு வருடம் கழித்து. உங்கள் எட்டு மாடிக் குடியிருப்பைப் படுக்கவைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய கல். விழுந்தால் ஓர் ஊர் இருந்த இடம் தெரியாது. எந்த ஊர் என்பதை இப்போதே சொல்ல முடியாதாம். மூன்று மாதத்துக்கு முன் கண்டுபிடித்தபோது நம்மேல் மோத இருநூற்றில் ஒரு வாய்ப்பு என்றார்கள். அப்புறம் இன்னும் கூர்ந்து பார்த்தார்கள், எண்பதில் ஒன்று ஆனது. மறுபடியும் பார்த்தார்கள், போன வாரம் முப்பத்திரண்டில் ஒன்று ஆகிவிட்டது. "பார்க்கப் பார்க்கத்தானே ஏறுது, பார்க்காம விட்டா என்ன?" என்று உங்கள் அக்கா கேட்டாள். நான் முப்பத்தொரு வருடம் வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்தவன். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, ஆனால் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது நிலையத்தின் கணக்கு அதிகாரி. கல் எந்த வழியில் போகும், மோதுமா மோதாதா என்று கணக்குப் போடுகிற பெண் அவர். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "வீட்டுச் சாவியைக் காணோம்னு வையுங்க சார். பஸ்ல விட்டிருப்பமோன்னு லேசா ஒரு பயம். மேசையில தேடுறோம், இல்ல. அலமாரியில இல்ல. பையில இல்ல. ஒவ்வொரு இடமா இல்லன்னு ஆக ஆக, பஸ்லதான் போச்சோன்னு பயம் ஏறிக்கிட்டே போகும். கடைசியில சட்டைப் பையில கிடைக்கும். அவ்வளவுதான், பயம் ஒரேயடியா போயிடும். இந்தக் கல்லும் அப்படித்தான். பெரும்பாலும் சட்டைப் பையிலதான் இருக்கும். ஆனா கைய விட்டுப் பார்க்காம அதை எப்படிச் சொல்றது?" என்றார். உங்கள் அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு ஏன் இதையெல்லாம் என் வீட்டுக்கு வந்து சொல்கிறார் என்பதுதான் புரியவில்லை.

அப்புறம் அவர் பையிலிருந்து ஒரு தடித்த பதிவேட்டை எடுத்தார். அதிலிருந்தது என் கையெழுத்து. நான் அங்கே காத்தது கண்ணாடித் தட்டுகளை என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நீங்கள் சொன்ன கருத்தும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் காலத்தில் வானத்தைக் கண்ணாடித் தட்டில்தான் படம் பிடிப்பார்கள். வானம் வெறும் கண்ணாடியாகவும் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் விழும். முப்பத்துநான்கு வருடத்துக்கு முன் இந்தக் கல் நம் பக்கமாக ஒருமுறை வந்து போயிருக்கிறதாம். ஏழு வருடம் கழித்து அது நம்மேல் மோதுவதாக இருந்தால், அன்றைக்கு வானத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் அது இருந்தாக வேண்டும். தட்டில் மயிரிழை போல ஒரு சின்னக் கோடு விழுந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் கோடு இல்லையென்றால் ஆபத்தும் இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் தட்டில் என்ன இருக்கிறது என்று தேடினோம். இப்போது ஒன்றுமில்லை என்பதைத் தேடுகிறார்கள்.

"அந்த ராத்திரி அந்த இடத்தைப் பிடிச்சது உலகத்துலயே ஒரே ஒரு தட்டுதான் சார். நம்ம நிலையத்துது. பதிவேட்டுல 'பழுது, கழிக்கப்பட்டது'ன்னு உங்க கையெழுத்து இருக்கு. கழிச்சதை எங்க போட்டீங்க?" என்றார். பழுது என்றது பொய்யல்ல. படம் பிடிக்கும்போது தொலைநோக்கி ஆட்டங்கண்டு எல்லா நட்சத்திரமும் இரண்டிரண்டாக விழுந்திருந்தன. "உடைச்சுக் குப்பையில போட்டுட்டேம்மா" என்றேன். அப்போது தேநீர்த் தம்ளரோடு வாசற்படியில் நின்ற உங்கள் அக்கா சொன்னாள்: "தம்பி கல்யாணப் போட்டோவுக்குப் போட்டீங்களே, அதுதானே?"

பதினொரு வருடத்தில் இந்த வீட்டில் 'தம்பி' என்ற சொல் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லப்பட்டது.

மாப்பிள்ளை, உண்மையை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கல்யாணப் பரிசாக நல்ல தேக்குச் சட்டமாகத்தான் வாங்கினேன். பஸ் நெரிசலில் ஒரு தடியர் அதன்மேல் சாய்ந்ததில் கண்ணாடி நொறுங்கிவிட்டது. விடிந்தால் கொடுக்க வேண்டும், கடை எதுவும் திறந்திருக்கவில்லை. கழித்துப் போட்ட தட்டு அளவு வெட்டினாற்போலப் பொருந்தியது. இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். முப்பத்துநான்கு வருடமாக அடுத்த வாரம் வரவில்லை. ஆகவே படத்தில் உங்கள் இடது கன்னத்தில் இருக்கும் இரட்டை மச்சம் மச்சமல்ல, அது ஒரு நட்சத்திரம். உங்கள் மாமனாரின் மூக்கு நுனியில் இருப்பதும் அப்படியே. அவர் மூக்கில் ஈ உட்கார்ந்த நேரம் பார்த்துப் படமெடுத்ததாக நீங்கள் புகைப்படக்காரர் கடையில் போய்ச் சண்டை போட்டீர்கள், அவரும் பாவம் இன்னொரு பிரதி போட்டுக் கொடுத்தார், அதையும் அதே கண்ணாடிக்குள் மாட்டிவிட்டு மறுபடியும் போய்ச் சண்டை போட்டீர்கள். அப்போது நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன், உங்களுக்கு ஆதரவாக இரண்டு வார்த்தையும் பேசினேன். இதற்காக அந்தப் புகைப்படக்காரரிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உங்களிடம் கேட்க வேண்டியது வேறு. பதினொரு வருடத்துக்கு முன் உங்கள் வீட்டு விருந்தில், அத்தனை பேர் முன்னால், நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "நான் ஒரு நாள் லீவு போட்டா லிஃப்ட் நின்னு எட்டு மாடி ஜனமும் படியேறும். அத்தான் ஒரு வருஷம் லீவு போட்டாலும் யாருக்குத் தெரியும்? அந்தக் கறுப்புப் புள்ளிக் கண்ணாடிய எவன் கேட்கப்போறான்?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதற்காகச் சொன்னதுதான், எனக்கும் தெரியும். ஆனால் ஓய்வு பெற எனக்கு அப்போது மூன்று மாதம்தான் இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அந்த அறைக்கு வந்து தட்டு கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை எனக்குச் சொல்லிக்காட்ட வேறொருவர் தேவைப்படவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் அதைச் சொன்னபோது அந்தத் தட்டு உங்கள் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது பாருங்கள், கேட்க ஆள் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் ஒரு தட்டில் தூசி விழாமல் காத்தவனிடம், இத்தனை ஆயிரம் தட்டில், அவனே தூக்கிக் கொடுத்த ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ஜெயித்ததும் நான்தான், அகப்பட்டுக்கொண்டதும் நான்தான்.

கணக்கு அதிகாரி தானே ஜீப்பில் போய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். குடும்ப விஷயம், திங்கட்கிழமைவரை பொறுங்கள் என்று கெஞ்சி அனுப்பினேன். உங்களைக் கேட்காமல் காரியத்தை முடிக்க முடியுமா என்று முதலில் பார்த்தேன். அதே இரவில் எடுத்துக் கழித்த வேறு ஏதாவது தட்டு எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம் என்று ஏணி போட்டு ஏறினேன். பழைய மின்விசிறி ஒன்று என்னோடு சேர்ந்து இறங்கியது. இடுப்புக்கு அதுதான் காரணம். பிறகு உங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன், அதாவது பேச முயன்றேன். மூன்று முறையும் உங்கள் மனைவி எடுத்தார்கள், நான் வைத்துவிட்டேன். மூன்றாம் முறை அவர்கள், "எந்தக் கழுதை இது, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார்கள். அந்தக் கழுதை நான்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை நேரிலேயே புறப்பட்டேன். உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கதவில் 'பழுது, பொறுத்தருள்க' என்று உங்கள் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டிலேயே லிஃப்ட் ஓடவில்லை என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, இரண்டாம் மாடிவரை. ஐந்தாம் மாடிக்கு ஏறி, சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, உங்கள் கதவுக்கு முன் நின்றேன். உள்ளே நீங்கள் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதே சிரிப்பு. கை மணிவரைக்கும் போனது, அழுத்த வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வந்த வழியே இறங்கிவிட்டேன். என்ன ஆச்சு என்று உங்கள் அக்கா கேட்டாள், வீடு பூட்டியிருந்தது என்று பொய் சொன்னேன். அவள் போய்ச் சன்னலோரம் நின்றுகொண்டாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறினாலும், உள்ளே ஒட்டியிருக்கும் பராமரிப்பு அட்டையில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் இறங்க வேண்டிய மாடி வந்தும் இறங்காமல் நிற்பாள். பல் டாக்டர் இருக்கும் கட்டடத்தில் ஒருநாள் அதற்காகவே ஒன்பதாம் மாடிவரை போய்த் திரும்பினோம். நானும் எதுவும் தெரியாதவன் போல நின்றேன். பதினொரு வருடமாக நான் செய்த பெரிய தப்பு அதுதான், உங்கள் கண்ணாடியல்ல.

ஆகவே கீழ்க்கண்டபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தை இரண்டு கைகளாலும் இறக்கவும். கண்ணாடியைத் தனியாகக் கழற்ற வேண்டாம். புள்ளிகள் விழுந்திருக்கும் மருந்து பூசிய பக்கத்தை உள்ளே வைத்தேனா வெளியே வைத்தேனா என்பது நினைவில்லை, வெளியே வைத்திருந்தால் உங்கள் மனைவியின் துணிக்கு அது இத்தனை வருடம் தப்பியிருப்பது பெரிய விஷயம். கோடு விழுந்திருக்க வேண்டிய இடம், அதிகாரி சொன்ன கணக்குப்படி, எங்களிடம் இருக்கும் அதே படத்தின் பிரதியில் நான் அளந்து பார்த்ததில், உங்கள் மனைவியின் வலது காதுக்கும் உங்கள் அப்பாவின் மூக்குக்கும் நடுவில் வருகிறது. பூதக்கண்ணாடி வைத்து நீங்களாகப் பார்க்க வேண்டாம். ஏதாவது தெரிந்தால் உங்களுக்குத் தூக்கம் போய்விடும். சால்வையில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் ஏறாமல், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே கொண்டுவந்தால் நன்றியுடையவனாவேன்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம், கழுதை விஷயம் நீங்கலாக. மகனும் மருமகளும் நீடூழி வாழ்க. ஏழு வருடத்துக்கு அப்பாலும் வாழ்க என்று குறிப்பாக வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான், காலை பதினோரு மணிக்கு, கணக்கு அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "சட்டைப் பையிலேயே இருந்துச்சு சார்" என்றார். வேறு எங்கேயோ ஒரு பெரிய தொலைநோக்கியில் கல்லைத் துல்லியமாகப் பிடித்துவிட்டார்களாம். நிலாவைவிட ஏழு மடங்கு தூரத்தில் தன் பாட்டுக்குப் போய்விடுமாம். வாய்ப்பு பூஜ்யம். "தட்டு இனிமே வேண்டாம் சார், உங்க மச்சினர் வீட்லயே இருக்கட்டும்" என்றார். ஆகவே மேலே எழுதியது அனைத்தும் ரத்து. படத்தை எந்தத் துணியாலும் துடைக்கலாம்.

நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். ஐந்து நிமிடம் பட்டேன். அப்புறம் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். உங்கள் அக்கா பிடுங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். "உலகம் அழியப்போகுதுன்னாத்தான் என் தம்பிய வீட்டுக்குக் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். உலகமல்ல, ஓர் ஊர்தான் என்று திருத்தினேன். அவள் சிரிக்கவில்லை.

நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிதான், மாப்பிள்ளை. அந்தக் கண்ணாடியை இப்போது யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வாருங்கள்.