அருவிக்குப் போக ஒரு சாவு மாலை

நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த ஒரு மனிதரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் சாகடித்திருக்கிறேன். அவர் என் சொந்தப் பெரியப்பா. போலீஸ் கேஸ் எதுவும் ஆகவில்லை. சொந்தக்காரர்கள் போட்ட கேஸ் மட்டும் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தனியார் ஆலையில் தற்காலிக குமாஸ்தா. அங்கே பி.ஏ. ஆங்கிலம் படித்த ஒரே ஜீவன் நான்தான் என்பதால் (எந்த வகுப்பில் தேறினேன் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை) ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை என் தலையில் கட்டினார்கள். டென்மார்க்கிலிருந்து புது இயந்திரம் மாட்ட வந்த இன்ஜினியர் பொழுதெல்லாம் அந்த இயந்திரத்துக்கு அடியிலேயே படுத்துக் கிடப்பார். அவர் மனைவி மரியா, ஆறு வயது ஆஸ்கர், நாலு வயது லீனா மூவரும் ஆலை கெஸ்ட் ஹவுஸில் அடைந்து கிடந்தார்கள்.

"தோ பாருப்பா," என்றார் மேனேஜர். "பசங்களுக்குப் பொழுது போவலன்னு அந்தம்மா மூட்ட கட்டிக்கினு இருக்குது. அது போனா அந்தாளும் பூடுவாரு. மெஷினு பாதியில நிக்கும். ஒரு மாசம் அவங்கள சந்தோசமா வெச்சிக்க. ஒன்ன பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு."

பர்மனென்ட்! அந்த வார்த்தைக்காக நான் பிள்ளைகளுக்கு யானையாகக்கூட இருப்பேன். இருந்தேன். முட்டி தேய்ந்தது.

முதலில் வீட்டுக்குள் விளையாட்டு. கேரம் போர்டு கொண்டுவந்தேன். லீனா சிவப்புக் காயை வாயில் போட்டுக்கொண்டு, நான் அழுகிற நிலைக்கு வந்த பிறகுதான் துப்பினாள். ஆஸ்கர் கேரம் பவுடரைத் தரை முழுக்கக் கொட்டிச் சறுக்கி விளையாடி, கட்டில் காலில் மண்டையை இடித்துக்கொண்டான். சரி, படம் வரையட்டும் என்று துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக் கொடுத்தேன். காகிதத்தை விட்டுவிட்டுத் தன் உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு அவன் வாசலுக்கு ஓடினான். நீலமாக ஒரு குழந்தை வருவதைப் பார்த்த வாட்ச்மேன் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எவ்வளவு தேய்த்தும் காதுக்குப் பின்னால் மட்டும் நீலம் போகவில்லை.

மரியா அமைதியான பெண். அன்று மட்டும் கொஞ்சம் அமைதி குறைந்தது. "இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வெளியே போயாக வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் ஊருக்கே போய்விடுகிறோம்," என்றாள். நான் உடனே கரியாலூர்ப் பக்கத்து அருவிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கல்வராயன் மலையை நானே கட்டி வைத்த மாதிரி அவ்வளவு வர்ணித்தேன். பிள்ளைகள் மிதப்பதற்கு ஒரு லாரி டியூபும் தயார் செய்தேன்.

அந்த வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஜனங்கள் ரோட்டை மறித்தார்கள். எங்கள் பக்கத்து ரோடுகளில் புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. புத்தியுள்ளவன் எவனும் காரை வெளியே எடுக்கமாட்டான். எனக்கு பர்மனென்ட் ஆசை மட்டும்தான் இருந்தது.

"சாவுக்குப் போற வண்டிய மட்டும் வுடறாங்க தம்பி," என்றார் ஆலை டிரைவர் மாணிக்கம், சும்மா ஒரு தகவலாக.

அவர் தகவலாகச் சொன்னதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். ஞாயிறு காலை ஆளுயரத்துக்கு ஒரு சம்மங்கி மாலை வாங்கி அம்பாசிடரின் முன்பக்கம் கட்டினேன். டியூபும் துண்டுகளும் டிக்கிக்குள் போயின. "மாலை எதற்கு?" என்று கேட்டாள் மரியா. "பெரியவர்களைப் பார்க்கப் போனால் மாலையோடு போவது எங்கள் வழக்கம்," என்றேன். (மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு அதற்கு மேல் வரவில்லை.)

கச்சிராயபாளையம் போகிற வழியில் முதல் மரம். இருபது பேர் நின்றார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"யாரு சாவு?"

"சொந்தக்காரருங்க."

"பேரு இன்னா? எந்த ஊரு?"

இதற்கு நான் தயாராகவில்லை. மலையடிவாரத்தில் எனக்குத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். "கோவிந்தசாமிங்க. நெல்லு மெஷின் வெச்சிருக்கறாரே, அவரு. எங்க பெரியப்பா."

தலைப்பாகைக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார். "மெஷின்காரரா! அய்யோ, போன சந்தையில எங்கூட டீ குடிச்சாரே!"

அவர் கண் கலங்கியது. தலைப்பாகைத் துணியால் துடைத்துக்கொண்டு பின் சீட்டைப் பார்த்தார். "வெள்ளக்காரங்க யாரு தம்பி?"

"பெரியப்பாவுக்கு வேண்டியவங்க."

கள்ளக்குறிச்சியைத் தாண்டாத பெரியப்பாவுக்கு டென்மார்க்கில் ஆட்கள் இருப்பதைக் கேட்டதும் அவர் மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது. இருபது பேரும் கைகொடுத்து அந்த மரத்தை ஓரமாக நகர்த்தினார்கள். ஒரு பெரியவருக்கு உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. "மனச தேத்திக்க தம்பி," என்று அந்தக் கையாலேயே என் தோளைத் தட்டினார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வண்டி கிளம்பும்போது தலைப்பாகைக்காரர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "அடுத்த மரத்துல ஒங்கள வுடமாட்டானுங்க. நானும் வரேன். கடைசியா ஒரு தடவ மொகத்த பாத்துடறேன்." போதாததற்கு இரண்டு பேர் ஏரிக்கரை மேல் சைக்கிளில் சேதி சொல்லப் பறந்தார்கள். மலைக்குத் திரும்பும் ரோடு இடது பக்கம் வந்தது, போயிற்று. மாணிக்கம் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மரியாவிடம், "முதலில் என் பெரியப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம்," என்று சொல்லிவைத்தேன்.

பெரியப்பா தெருவில் கார் நுழைய இடமில்லை. வாசலில் பெரியம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். "கொல்லிக்கி போயாறேன்னு போனியே! தனியா வுட்டனே ஒன்ன!" விடியற்காலையில் நிலத்துக்குப் போன மனிதர் இன்னும் திரும்பவில்லை. அந்த நேரத்தில் இந்தச் சேதி போய்ச் சேர்ந்திருக்கிறது. உடலை எடுத்துவர நாலு பேர் கட்டிலோடு கிளம்பியிருந்தார்கள். ஐந்து வருஷமாகப் பெரியப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லாத எதிர்வீட்டுப் பங்காளி சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

அப்போது தெருவின் அந்தக் கோடியிலிருந்து தலையில் புல்லுக்கட்டோடு பெரியப்பா வந்தார்.

கூட்டத்தைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டார். "இன்னாடா கும்பலு? யாரு பூட்டாங்க?"

'நீதான்' என்று யார் சொல்வது?

அந்த நேரம் பார்த்து மரியா என்னிடம் மெல்லக் கேட்டாள்: "இவர்தானே உன் பெரியப்பா?" நான் தலையை ஆட்டித் தொலைத்தேன். அவள் பாவம், நான் சொல்லிக்கொடுத்த எங்கள் வழக்கத்தை மறக்கவில்லை. காரிலிருந்து மாலையை அவிழ்த்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தாள். ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆஸ்கரும் லீனாவும் போய் அவர் எதிரில் நின்றார்கள். குழந்தைகள் எதையோ நீட்டினால் குனிவது மனித சுபாவம். பெரியப்பா குனிந்தார். சாவு மாலை கழுத்தில் விழுந்தது.

"அய்யோ சாமி!" என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் மாடுகள் கயிற்றை இழுத்தன. லீனா கை தட்டினாள்.

வேறு வழியில்லாமல் அருவிக் கதையை ஒப்புக்கொண்டேன்; முடிப்பதற்குள் தலைப்பாகைக்காரர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "ரோட்டுல நாங்க விளையாடிக்கினா இருக்கறோம்? எங்க பசங்க படிப்புக்கும் வேலைக்கும்டா குந்தினு இருக்கறோம்! நீ அருவில குளிக்க மரத்த நவுத்தணுமா?" அவர் கேட்டது அத்தனையும் நியாயம். நான் அழுதேன். (ஆமாம், பிள்ளைகள் முன்னாலேயேதான்.)

பெரியப்பா மட்டும் மாலையைக் கழற்றாமல் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பார்வை எதிர்வீட்டுப் பங்காளியிடம் வந்து நின்றது. "நீயுமாடா வந்த?" என்றார். பங்காளி ஓடிவந்து கட்டிக்கொண்டார். அதன் பிறகுதான் தலைப்பாகைக்காரர் என் சட்டையை விட்டார். "சரி. ரோடு தெறக்கற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நடந்தே திரும்பிப் போனார். மரம் மறுபடி குறுக்கே வந்தது.

மூன்று நாள் அங்கேயே இருந்தோம். பெரியம்மா என்னோடு பேசவில்லை; சோறு மட்டும் போட்டாள். பிள்ளைகளோ வீட்டுக்குள் குவித்திருந்த மணிலாக்கொட்டையில் (வேர்க்கடலைதான்) புரண்டார்கள், மெஷின் கொட்டகைத் தவிட்டில் குதித்தார்கள், பம்ப்செட் தொட்டியில் லாரி டியூபைப் போட்டு மிதந்தார்கள். ஆஸ்கரின் காது நீலம் அங்கேதான் போயிற்று. அருவி என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் மேனேஜர் என் கணக்கை முடிக்கத் தயாராக இருந்தார். மரியா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "அடுத்த ஞாயிறும் பிள்ளைகள் பெரியப்பா வீட்டுக்குத்தான் போவார்களாம்." என்னை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வழியில்லை. மாதக் கடைசியில் பர்மனென்ட் ஆனேன்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும் பெரியப்பா பக்கத்து ஆளிடம் அறிமுகப்படுத்துவார்: "கவர்மென்ட்ல அப்பன் செத்தாதான் வாரிசு வேல. எங்க பையனுக்குப் பெரியப்பன் சாவாமயே கெடச்சிது." மரியாவிடமிருந்து வருஷா வருஷம் அவருக்கு வாழ்த்து அட்டை வரும். அதை எனக்குக் காட்டவே மாட்டார்.

தொண்ணூறைத் தாண்டி ஒரு விடியற்காலையில் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். சென்னையில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு, அழுதுகொண்டே, "பெரியப்பா போயிட்டாருடா," என்றேன்.

அவன் கேட்டான்: "எந்த அருவிக்கு கெளம்பற?"

கடைசியில் பெரியம்மாதான் போனை வாங்கி அழ வேண்டியிருந்தது.